தமிழ்நாட்டின் மண்டபம் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஃபோனில் மனநலத் துணை: தெரிந்தவற்றைப் பகிருங்கள்

உட்லண்ட்ஸ் தன்னார்வலர்:
முதலில் நேரத்தைச் சரி பண்ணுங்கள். நமக்கு இரவு 9 மணி வசதி. மண்டபத்தில் அப்போது மாலை 6.30. அடுப்பில் உலை கொதிக்கும், வேலைக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள். சின்ன வீட்டில் அத்தனை பேருக்கு நடுவே யாரால் மனம்விட்டுப் பேச முடியும்? நம் பகல் 1 மணிச் சாப்பாட்டு நேரம் அங்கே காலை 10.30. பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். அழைத்ததும், "பக்கத்தில ஆள் இருக்கா?" என்று கேளுங்கள். "ஓம்", "இல்லை" போதும். யாராவது உள்ளே வந்தால் சொல்ல ஒரு வார்த்தையும் பேசி வையுங்கள். "ரேஷன் போட்டாச்சா?" என்று அவர் கேட்டால் உடனே ஊர்க்கதைக்கு மாறிவிட வேண்டும்.

ஈசூன் மொழிபெயர்ப்பாளர்:
ஈழத்தமிழில் 'யோசனை' பெரும்பாலும் கவலையைக் குறிக்கும். "இரவிரவா ஒரே யோசினை" என்பவர் திட்டம் போடவில்லை, தூங்காமல் தவிக்கிறார். "நெஞ்சு அடைக்குது" என்றால் நீங்களாக 'மனச்சோர்வு' என்று மாற்றாமல் அப்படியே ஆலோசகரிடம் சொல்லுங்கள். உண்மையிலேயே இதயக் கோளாறாகவும் இருக்கலாம்; முதலில் டாக்டர் பார்க்கட்டும்.

அதிகம் சறுக்குவது, மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 படிவத்தில் சாவு, தற்காயம் பற்றிக் கேட்கும் ஒன்பதாவது கேள்வியில். சங்கடப்பட்டு, "வாழ்க்கை வெறுத்துப் போச்சா?" என்று பூசி மெழுகிவிடுகிறார்கள். அதற்கு முகாமில் பாதிப் பேர் 'ஓம்' என்பார்கள், ஆபத்து யாருக்கு என்று தெரியாது. அந்தக் கேள்விக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. "இந்த ரெண்டு கிழமையில, செத்துப் போனால் நல்லம் எண்டு நினைச்சீங்களா?" என்று முதலில் கேளுங்கள் (இங்கே 'கிழமை' என்றால் வாரம்). பதிலைக் கேட்டபின், "உங்களை நீங்களே ஏதும் செய்துகொள்ள நினைச்சீங்களா?" நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஆள் இருக்கிறதே என்ற ஆறுதல்தான் வரும்.

பதில் 'ஓம்' என்றால், சிங்கப்பூரின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான நம் 1767 அங்கே உதவாது. இந்தியாவின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள். உடனடி ஆபத்துக்கு 108 ஆம்புலன்ஸ். முகாமில் யாரை அழைப்பது என்பதையும் முதல் நாளே அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

பீஷான் ஆலோசகர்:
மன உளைச்சலில் இருப்பவர்களுக்கான, உலகச் சுகாதார நிறுவனத்தின் 'பிஎம் பிளஸ்' ஆலோசனை முறையில் ஐந்து அமர்வு, ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் மனநல நிபுணர் அல்லாதவரும் நடத்தலாம். மூச்சுப் பயிற்சியில் மட்டும் அவசரம் வேண்டாம். வயிறு மெல்ல உப்ப மூன்று எண்ணும்வரை உள்ளே, மூன்று எண்ணும்வரை வெளியே. பலமாக இழுத்தால் தலை சுற்றும், "இது எனக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுவார்கள். சித்திரவதையை அனுபவித்தவரிடம் கண்ணை மூடச் சொல்லாதீர்கள், இருட்டு பழையதைக் கிளறிவிடும். சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்தபடியே செய்யட்டும்.

ஈசூன் மொழிபெயர்ப்பாளர்:
இன்னொன்று. மொழிபெயர்ப்பவரும் அதே ஊர்க்காரர் என்றால், அவர் இருப்பது சம்மதமா என்று தொடங்கும் முன்பே, அவர் இல்லாதபோது கேளுங்கள். அவர் காதுபடக் கேட்டால் 'வேண்டாம்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.