தச்சூர்ச் சாலை வந்தால் வடாற்காட்டுச் சரக்கு எந்தத் துறைமுகத்துக்குப் போகும்?

ஆம்பூர் ஏற்றுமதியாளர்:
சித்தூரிலிருந்து பொன்னேரியை அடுத்த தச்சூர் வரை போடப்படும் ஆறுவழிச் சாலை முடிந்தால், நம் வட்டாரத்துத் தோல், காலணிக் கன்டெய்னர்கள் சென்னைத் துறைமுகத்தை விட்டு, அதற்கு வடக்கே உள்ள எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போய்விடும் என்பதே என் கணிப்பு. மதுரவாயல்–துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள், 2012-இல் பணி நின்றது, 2022-இல் ஈரடுக்குச் சாலையாக மறுபடியும் அடிக்கல் நாட்டினார்கள். இத்தனை ஆண்டுகளும் டிரெய்லர்கள் நகரத்தின் நேரக் கட்டுப்பாட்டுக்குக் கட்டுப்பட்டு இரவுக்காகக் காத்து நின்றதை இத்தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

ராணிப்பேட்டை கிளியரிங் ஏஜென்ட்:
நெரிசல் பற்றித் தாங்கள் சொல்வது உண்மை. ஆனால் முடிவு தவறு. காட்டுப்பள்ளிக்குப் போக நமக்குத் தச்சூர்ச் சாலை எதற்கு? வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை ஏற்கெனவே இருக்கிறது. பூந்தமல்லிக்கு அருகே ஏறினால் நகருக்குள் நுழையாமலே மீஞ்சூரை அடைந்துவிடலாம். ஆம்பூர் வண்டி வடக்கே சித்தூருக்கு ஏறிப் பிறகு கிழக்கே திரும்புவது சுற்று வழி. மேலும், எந்தத் துறைமுகம் என்பதைச் சாலை தீர்மானிப்பதில்லை. வாங்குபவர் குறிப்பிடும் கப்பல் நிறுவனம் எந்த முனையத்தில் கப்பலை நிறுத்துகிறதோ, பெட்டி அங்கேதான் போகும். ஆந்திரத்தின் கிருஷ்ணப்பட்டினம் துறைமுகத்தைப் பாருங்கள்: நெடுஞ்சாலை அப்படியே இருக்க, 2024-இன் தொடக்கத்தில் கன்டெய்னர் கப்பல்கள் வருவது நின்றது.

ஆம்பூர் ஏற்றுமதியாளர்:
கப்பல் நிறுவனங்கள் எதைப் பார்த்து முனையத்தை மாற்றுகின்றன? சரக்கு தடையின்றி எங்கே வந்து சேர்கிறது என்பதையும் பார்த்துத்தானே? பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை கோலார், சித்தூர் மாவட்டங்கள் வழியாக வருவதால், பெங்களூர்ச் சரக்கு சித்தூரிலேயே தச்சூருக்குத் திரும்பிவிடும். அதைத் தொடர்ந்து கப்பல்கள் வடக்கே நகர்ந்தால் நாமும் பின்தொடர வேண்டியதுதான்.

காட்பாடி லாரி உரிமையாளர்:
ஆம்பூர் பாய் சொல்வதில் பாதி சரி. ஏற்றுமதிக்கு வண்டி ஒருமுறை மட்டும் ஓடுவதில்லை. காலிப் பெட்டியை வடசென்னையின் யார்டுகளில் எடுத்து, ஆம்பூருக்குக் கொண்டுவந்து, அட்டைப்பெட்டிகளை அடுக்கி, சீல் வைத்துத் திரும்ப வேண்டும். கணக்குப் போடும்போது யார்டு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மணலி, மாதவரம் பக்கத்து யார்டுகளுக்கு எண்ணூரும் தூரமில்லை, சென்னையும் தூரமில்லை. விரைவுச்சாலையால் எனக்கு வேறு கவலை: அது ராணிப்பேட்டையைத் தொடுகிறது, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடியைத் தொடவில்லை. பழைய சாலையை நம்பியிருக்கும் பட்டறைகளுக்கும் உணவகங்களுக்கும் அந்த லாரிகள் இனி வரா.

ராணிப்பேட்டை கிளியரிங் ஏஜென்ட்:
அந்தக் கவலை நியாயமானது. அது துறைமுகப் போட்டியை விடப் பெரியது என்றும் சொல்வேன். தோல்காரர்களுக்கோ, வாலாஜாபேட்டை–ஸ்ரீபெரும்புதூர் இடையே ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும் ஆறுவழிப் பணி முடிவதே உடனடித் தேவை, ஏனெனில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அவர்களின் வண்டி முதலில் அங்கேதான் சிக்குகிறது. தச்சூர்ச் சாலையால் சென்னைத் துறைமுகம் எதையேனும் இழந்தால், அது பெங்களூர்ச் சரக்காகத்தான் இருக்கும்.