குடும்பப் படம் போட்டப்போ உங்களுக்கு என்ன ஆச்சு?

கடைக்குட்டி:
ஜெனடிக் கவுன்சிலிங், அதான் பரம்பரை நோய் பத்தின ஆலோசனைக்குப் போனவங்களுக்குத் தெரியும், ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடி குடும்பத்துல யார் யாருக்கு என்னன்னு படம்தான் போடுவாங்க. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தா உள்ளே கறுப்பு, இறந்துட்டா குறுக்கே கோடு. யாருக்காக வந்தோமோ அவங்களுக்கு அம்புக்குறி, அதையும் என் சதுரத்துக்குப் போட்டாச்சு. "மொத்தம் எத்தனை பிரசவம்மா?" அம்மா "நாலு"ன்னாங்க. நாங்க மூணே பேர். அம்மா என் பக்கம் திரும்பவே இல்ல. "பெரியவனுக்கு முன்னாடி ஒரு பையன். எட்டு மாசம். இவனுக்கு வர்ற அதே வலிப்புதான்." பேனா சின்னதா ஒரு சதுரம் போட்டு, கறுப்படிச்சு, சர்ருன்னு ஒரு கோடு இழுத்துச்சு. ரிசல்ட்டைக் கேட்காதீங்க, எனக்கு அந்தச் சதுரம்தான் ஞாபகம்.

ஏழாம்பக்கம்:
எங்களுக்கு அந்தப் புள்ளிப் புத்தகம், நிறக்குருடு பார்க்கிற இஷிஹாரா. எனக்கு 74 பளிச்னு தெரியுது. பையன் 21னு விரலால வரைஞ்சே காட்டுறான். விளையாடுறான்னு நினைச்சுத் தொடையில கிள்ளிட்டேன். டாக்டர் என்னைப் பார்த்து, "உங்க அப்பாவுக்கு நிறம் பிரிஞ்சு தெரியுமா?"ன்னார். பச்சைச் சட்டையைப் பழுப்புன்னு சொல்ற அப்பா! நான் அதுவரைக்கும் மாமியார் வீட்டுப் பக்கம்னுதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

நாக்குச்சுருட்டி:
மாமியார்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா இல்லையா? பையனுக்கு அப்பா தர்றது ஒய் குரோமோசோம், இந்தக் குறை வர்றது எக்ஸ் குரோமோசோம்ல, அது அம்மாகிட்டயிருந்து. இதைக்கூட விசாரிக்காம பழி போடுறது! என் கதையும் இப்படிப் பழிதான். வகுப்புல, இது அப்பா அம்மாகிட்டயிருந்து வர்றதுன்னு சொல்லி நாக்கைச் சுருட்டச் சொன்னாங்க. எனக்கு வந்துச்சு, வீட்ல அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் வராது. "அப்ப நீ யார் பிள்ளை?"ன்னு டீச்சர் சிரிச்சாங்க, வகுப்பே சிரிச்சுது. ஒரே கரு இரட்டையர்லயே ஒருத்தருக்கு வரும், இன்னொருத்தருக்கு வராதுன்னு 1952லயே காட்டியாச்சாம். நான் படிச்சது அதுக்கு எத்தனையோ வருஷம் கழிச்சு.

ரெண்டுகேரியர்:
நாங்க ரெண்டு பேரும் தலசீமியாங்கிற பரம்பரை ரத்த நோய்க்கு கேரியர், அதாவது நோய் ஜீன் ஒண்ணு எங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் இருக்கு, தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டோம். அவ்வளவுதான் கதை. ஆனா எல்லாரும் ஒண்ணு கவனிங்க. ரத்தத்துல ஹெச்பிஏ2ங்கிற ஒரு வகை ஹீமோகுளோபின் 3.5 சதவீதத்துக்கு மேல போனாத்தான் பீட்டா தலசீமியா கேரியர்னு சந்தேகப்படுவாங்க. இரும்புச்சத்துக் குறைஞ்சிருந்தா அந்த அளவு இறங்கிடும், கேரியருக்கும் நார்மல்னு வரலாம். அதனால இரும்பைச் சரிபண்ணிட்டு மறுபடி பாருங்க. அப்புறம் இந்த "நாலுல ஒண்ணு", ரெண்டு பேரும் கேரியர்னா குழந்தைக்கு நோய் வர்ற வாய்ப்பு. மூத்தது மாட்டிக்கிச்சு, இனி மூணு தப்பிச்சுதுன்னு கணக்குப் போடாதீங்க. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதுசா நாலுல ஒண்ணு. கடைக்குட்டி, நீங்க அண்ணனையும் கூட்டிட்டுப் போய் டெஸ்ட் எடுத்து...

கடைக்குட்டி:
நான் எதுவும் கேட்கலையே. அந்தக் குழந்தைக்குப் பேர் வச்சிருந்தாங்களான்னு அம்மாகிட்ட கேட்கணும். இன்னும் வாய் வரல.