மனௌஸ் போறேன், தனியா: ஆத்துக்கு எத்தனை நாள்?

கேள்வி (பாளையங்கோட்டை): அண்ணாச்சிமாரே, ஜூன்ல பிரேசில் மனௌஸ்ல நாலு நாள். ஆத்துக்கு எத்தனை ஒதுக்கலாம்? ஊசி போடணுமா?

பதில் 1: மஞ்சள் காய்ச்சல் ஊசிதான் முதல் வேலை. தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகத்துல நாள் கேட்டுட்டுப் போங்க. போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாம திரும்பினா நம்ம ஊர் விமான நிலையத்துலயே 6 நாள் வரைக்கும் தனியா வச்சிருவாங்க.

பதில் 2: ஆத்துக்கு ரெண்டு நாள். கறுப்பு நீக்ரோ ஆறும் கலங்கின சொலிமோயிஸ் ஆறும் சேர்ற இடத்துல சுமார் 6 கிலோமீட்டர் ஒட்டியே ஓடும், கலக்காது. வேகம், சூடு, அடர்த்தி மூணும் வேற. ஜூன்ல தண்ணி உச்சம். மணல்கரை முங்கிரும், ஆனா சின்னப் படகு மரங்களுக்கு நடுவுலயே போகும். நீக்ரோ ஆறு புளிப்புத் தண்ணி, அதான் கொசு குறைவு.

பதில் 3: ராத்திரிப் படகுன்னா படுக்கத் தூளியும் அதைக் கட்ட ரெண்டு கயிறும் சொந்தமா வாங்கிக்கிடணும். இன்ஜின் பக்கம் கட்டிராதீங்க, தூக்கம் போச்சு. 1896ல திறந்த ஓபரா அரங்குக்கு அரை நாள் போதும்.