முடிக்காத நாவலை வாசகரிடம் காட்டலாமா? மின்னூல் போடுவதற்கு முன் ஒரு கேள்வி

அச்சுமை:
வணக்கம். முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதிக்கு மேல் வந்துவிட்டது. சிவகாசியில் ஒரு சின்ன காலண்டர் பிரஸ், அதை விடாமல் நடத்தும் அப்பா, விற்றுவிடலாம் என்று சொல்லும் மகள். ஐப்பசியில் வெளியூர் ஏஜென்டுகள் மாதிரிக் காலண்டர்கள் அடங்கிய ஆல்பம் பார்த்து முதல் ஆர்டர் கொடுக்க வரும் நாளில் கதை தொடங்குகிறது. முடித்ததும் அமேசான் கிண்டிலில் நானே மின்னூலாக வெளியிடும் எண்ணம்.

இப்போதிருந்தே அத்தியாயம் அத்தியாயமாக ஒரு கதைத் தளத்தில் போடு, வாசகர் சேர்வார்கள், தவறையும் அவர்களே சொல்லிவிடுவார்கள் என்கிறாள் தோழி. முடிக்காததை யாரிடமும் காட்டாதே என்கிறார் தெரிந்த பத்திரிகைக்காரர் ஒருவர். இரண்டு பேர் பேச்சையும் தட்ட மனம் வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முல்லைச்சரம்:
தம்பி, தயங்காமல் போடுங்கள். நான் எழுதக் கற்றதே தொடர் போட்டுத்தான். திங்களும் வியாழனும் யூடி (அப்டேட், அதாவது அடுத்த அத்தியாயம்) வரும் என்று வாசகர்களிடம் சொல்லிவிட்டால், அடுப்படி வேலை, பிள்ளைகளின் பரீட்சை எல்லாவற்றையும் தாண்டி எழுதித்தான் ஆக வேண்டும். யாருக்கும் தெரியாமல் லேப்டாப்பில் வளரும் முதல் நாவல் நடுவழியில் நின்றுபோனால் கேட்க ஆள் கிடையாது. "யூடி எங்கே அக்கா?" என்று கேட்க நாலு பேர் இருந்தால் கதை முடிந்துவிடும்.

நமக்கு இது புதிதும் இல்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் 'கல்கி'யில் வந்த கதைதானே? வெளிநாட்டிலும் ஆண்டி வியர் 'தி மார்ஷியன்' நாவலை 2009 முதல் தன் சொந்தத் தளத்தில் இலவசமாக அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டார். அறிவியல் தெரிந்த வாசகர்கள் அவருடைய கணக்குகளைத் திருத்திக் கொடுத்தார்கள். கிண்டிலில் படிக்க வசதியாக வேண்டும் என்று அவர்கள் கேட்டபிறகுதான் 2011இல் 99 சென்ட்டுக்கு மின்னூலாக்கினார். பதிப்பகம், சினிமா எல்லாம் அதற்கப்புறம் வந்தவை.

சின்னத் தவறுகளைப் பிடிப்பதில் வாசகர்களை யாரும் மிஞ்ச முடியாது. நான் படித்துவந்த ஒரு தொடரில் நாயகி மதுரையில் ராத்திரி வைகை எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டாள். வைகை காலையில் கிளம்பும் வண்டி, ராத்திரி சென்னைக்குப் போவது பாண்டியன் என்று உடனே ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். எழுதியவர் அன்றைக்கே திருத்தினார். காசு கொடுத்து வாங்கியவர் கண்ணில் அது பட்டிருந்தால் நட்சத்திரத்தைத்தான் குறைத்திருப்பார்.

ஓரக்குறிப்பு:
முல்லைச்சரம் அம்மா, உங்கள் உழைப்பை மதித்தே மறுக்கிறேன். பிரதியைச் செம்மைப்படுத்துவதும் மெய்ப்புப் பார்ப்பதும் என் தொழில். கல்கி உதாரணம் இங்கே பொருந்தாது. 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கும்போது அவர் 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' இரண்டையும் எழுதி முடித்தவர், பத்திரிகை ஆசிரியரும் அவரே. வாராவாரம் அவர் கொடுத்தது அச்சுக்குப் போகும் பிரதி. அச்சுமை காட்ட நினைப்பது, இன்னும் என்னவாகும் என்று அவருக்கே தெரியாத ஒரு வரைவை.

முதல் நாவலின் முதல் வரைவு அப்படித்தான் இருக்கும், அதில் குறையே இல்லை. மகள் ஏன் பிரஸ்ஸை விற்கச் சொல்கிறாள் என்பது இருபதாம் அத்தியாயம் எழுதும்போது அவருக்குப் பிடிபடலாம். பிடிபட்டதும் மூன்றாம் அத்தியாயத்தை அடியோடு மாற்ற வேண்டியிருக்கும். அதைப் படித்து, பிடித்துப்போய், பாராட்டியும் எழுதிய ஒரு கூட்டம் இருந்தால் மாற்றக் கை வராது. நடுவில் ஒரு ஃப்ளாஷ்பேக்கைச் செருகிப் பழையதை நியாயப்படுத்திவிட்டு மேலே போவார். தொடராக வந்து, பிறகு புத்தகமாக்க என்னிடம் வரும் பிரதிகளில் இந்தச் செருகல்கள் எங்கே என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன்.

அன்பின் அழுத்தம் இதைவிடப் பெரியது. அப்பா, மகள் பெயரில் கடன் வாங்கியவர் என்று எழுத நினைத்திருந்தால், வாசகர்கள் அந்த அப்பாவை நேசிக்கத் தொடங்கியபிறகு எழுதுவாரா? "அப்பாவைக் கெட்டவர் ஆக்கிடாதீங்க ப்ளீஸ்" என்று வரும் நாற்பது கமெண்டுக்கு எதிராக எழுத நெஞ்சுரம் வேண்டும். பழகியவர்களுக்கே அது கஷ்டம்.

தொடங்கினால் முடிந்துவிடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஸ்டீபன் கிங் 2000ஆம் ஆண்டில் 'தி பிளான்ட்' என்ற கதையைத் தன் தளத்தில் பகுதி பகுதியாக விற்றார். ஆறு பகுதியோடு நிறுத்தினார், கதை முடியவே இல்லை.

திருத்தங்கல்காரன்:
நடுவில் ஒரு விஷயம். அச்சுமை, ஐப்பசியில் ஆல்பம் காட்டி முதல் ஆர்டர் வாங்குவதாக எழுதினால் எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுவதுதான் சிவகாசி வழக்கம். ஆர்டர் பிடிப்பதும் அதிலிருந்தே ஆரம்பித்துவிடும். ஐப்பசி என்றால் பிரஸ்ஸில் நின்று பேச நேரம் கிடையாது. மழை வேறு, தாள் ஈரம் இழுக்கும், மை காய நேரமாகும். உங்களுக்கு ஐப்பசிதான் வேண்டும் என்றால், வாங்கிய ஆர்டரை முடிக்க முடியாமல் தவிக்கிற பிரஸ்ஸாக வையுங்கள். அதுதான் அங்கே நடக்கிறது.

முல்லைச்சரம்:
இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கதையை ஒரு வரியில் பொதுவில் சொன்னார், அந்த ஊர்க்காரர் வந்து திருத்திவிட்டார். பூட்டி வைத்திருந்தால் இவர் எங்கிருந்து வந்திருப்பார்?

ஓரக்குறிப்பு:
இதையே நான் வேறு மாதிரி பார்க்கிறேன். பிரஸ் வேலை தெரிந்த ஒருவர் வந்ததும் நாவலுக்கு முன்னைவிட நல்ல தொடக்கம் கிடைத்துவிட்டது, மறுக்கவில்லை. தம்பி அதை எடுத்துக்கொள்ள முடிவது கதை இன்னும் அவர் கையிலேயே இருப்பதால். பத்து அத்தியாயம் வெளியே போயிருந்தால் மாதத்தின் பெயரை மட்டும் ஆடி என்று மாற்றிவிட்டு நகர்ந்திருப்பார். தவிக்கிற பிரஸ் என்ற நல்ல யோசனை வீணாகியிருக்கும்.

கிண்டில்கணக்கு:
கதையைப் பற்றி நீங்கள் பேசுங்கள், நான் விதிகளைச் சொல்கிறேன். கிண்டிலில் நாமே மின்னூல் வெளியிடும் தளம் கேடிபி, அதில் விரும்பினால் சேரும் திட்டம் செலக்ட். அதில் சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூல் டிஜிட்டலாக வேறெங்கும் இருக்கக் கூடாது, முன்னோட்டமாக 10 சதவீதம் வரை மட்டும் வெளியே வைக்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தில் வாசகர் படிக்கும் பக்கங்களுக்குப் பணம் வேண்டும் என்றால் செலக்ட் கட்டாயம். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டும் என்றாலும் கட்டாயம், சேராவிட்டால் 35 சதவீதம்தான். ஆகவே தொடராகப் போட்டவர்கள் மின்னூலாக்கும் நாளில் தளத்திலிருந்து எல்லாவற்றையும் நீக்க வேண்டும். நீங்கள் நீக்கினாலும், நடுவில் யாராவது நகலெடுத்துத் தன் பக்கத்தில் போட்டிருந்தால் அது அங்கேயே நிற்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்து என்று அமேசானுக்குத் தெரிந்தால், உரிமை உங்களுடையதுதானா என்று கேட்டு மின்னூலை நிறுத்தி வைக்கலாம்.

காப்புரிமை பற்றியும் பலருக்குக் குழப்பம். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதியவுடனே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. முடிக்காத வரைவுக்கும் இது பொருந்தும். ஆனால் திருடியவரைத் துரத்துவது உங்கள் வேலை. தேதியோடு கோப்புகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இரவுவாசகி:
எழுத்தாளர்களே பேசுகிறீர்கள், படிக்கிறவள் ஒருத்தி பேசுகிறேன். நான் சைலன்ட் ரீடர். பிள்ளைகள் தூங்கியபிறகு படிப்பேன், பெரும்பாலும் கமெண்ட் போட மாட்டேன், போட்டாலும் "சூப்பர் சிஸ், அடுத்த எபி சீக்கிரம்" என்றுதான். அந்த நேரத்தில் அவ்வளவுதான் முடியும். அதைத் திருத்தம் என்று நினைத்துக்கொண்டால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். படிக்கிற சந்தோஷத்துக்காக வருகிறோம், குறை கண்டுபிடிக்க வரவில்லை.

அப்புறம், ஒரு கதையை முதல்முறை படிப்பது ஒரே ஒரு தடவைதான். வரைவாகப் பாதி படித்து, மூன்று மாதம் யூடி இல்லாமல் காத்திருந்து, பிறகு "மாற்றி எழுதியிருக்கிறேன், கிண்டிலில் வாங்குங்கள்" என்றால் என்னால் புதிதாகப் படிக்க முடியவில்லை. பழைய முடிச்சு மனதில் இருக்கிறது. ஆனாலும் தொடராகப் படித்துப் பிடித்தவர்களின் மின்னூலைத்தான் தேடி வாங்குகிறேன். முன்பின் தெரியாத பெயரைக் கிண்டிலில் பார்த்தால் தாண்டிப்போய்விடுகிறேன். இரண்டும் உண்மை.

ஓரக்குறிப்பு:
இந்தப் பதிலுக்கு நன்றி அம்மா. முதல்முறை ஒரே ஒரு தடவைதான் என்றீர்களே, நான் வேலை செய்யும் முறையே அதை வைத்துத்தான்.

அச்சுமை, முதலில் கடைசி வரி வரை எழுதி முடியுங்கள். கொஞ்ச நாள் தொடாமல் வைத்துவிட்டு நீங்களே ஒருமுறை திருத்துங்கள். பிறகு ஆறேழு பேரைத் தேர்ந்தெடுங்கள். பிரஸ் வேலை தெரிந்த ஒருவர், இந்த மாதிரிக் கதையை விரும்பிப் படிக்கும் இரண்டு பேர், சிவகாசியையே பார்க்காத ஒருவர், ஒற்றும் சந்தியும் கண்ணில் உறுத்துகிற ஒருவர் கட்டாயம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். பாதிப் பேருக்கு முதலில் கொடுங்கள், அவர்கள் சொன்னதை வைத்துத் திருத்துங்கள், திருத்திய பிரதியை மீதிப் பேருக்குக் கொடுங்கள். திருத்தம் வேலை செய்கிறதா என்பதைப் பழைய வரைவு தெரியாத கண்தான் சொல்லும். சந்தி பார்ப்பவருக்குக் கடைசியில். வெட்டி எறியப்போகும் பக்கத்தில் அவர் ஏன் ஒற்று போட்டுக்கொண்டிருக்க வேண்டும்?

"எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள்? யார் பேசுகிறார் என்று எங்கே குழம்பினீர்கள்? எந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனீர்கள்? மகள் சொல்வது எந்த இடத்தில் நியாயமாகப் பட்டது? இப்படிக் கேளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் கீழே வைத்திருந்தால் அங்கே கோளாறு இருக்கிறது. அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் சொல்லும் யோசனைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள், முடிவு உங்களுடையது.

இதிலும் ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன். ஸ்டெஃபனி மேயர் நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் கொடுத்த 'மிட்நைட் சன்' அரைகுறை வரைவு 2008இல் இணையத்தில் கசிந்தது. மனம் நொந்து அந்த நாவலை எழுதுவதை நிறுத்தினார், புத்தகம் 2020இல்தான் வந்தது. நம்பிக்கையான சிலரிடம் போனதே கசியும்போது, ஆயிரம் பேர் முன்னால் முடிக்காததை வைப்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

முல்லைச்சரம்:
ஐயா, நீங்கள் சொல்லும் முறை அருமையானது, ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆறேழு பேருக்கு நாங்கள் எங்கே போவது? நகரத்தில், புத்தக வெளியீட்டு விழாக்களில் நாலு பேரைத் தெரிந்தவர்களுக்கு அது சுலபம். சின்ன ஊரில் கல்யாணமாகிப் போன இடத்தில், கதை எழுதுகிறேன் என்று வீட்டில் சொல்லவே கூசுகிற பெண்ணுக்கு யார் பிரதி படித்துத் தருவார்கள்? நாத்தனாரா? என் கையெழுத்துப் பிரதியைப் படிக்க இந்த உலகத்தில் ஒருவர்கூட இல்லாத காலத்தில், முகம் தெரியாத வாசகர்கள் ராத்திரி பதினோரு மணிக்குப் படித்துவிட்டு நாலு வரி எழுதினார்கள். இன்றைக்கு என் மின்னூலை வெளியிடும் முன் படித்துத் திருத்தித் தரும் மூன்று பேரும் அந்தக் கமெண்டிலிருந்து வந்தவர்கள்தான். முதலில் கதவைத் திறந்ததால்தான் அவர்கள் கிடைத்தார்கள்.

பெரிய எழுத்தாளர்களும் செய்கிறார்கள். பிராண்டன் சாண்டர்சன் 'வார்பிரேக்கர்' நாவலை எழுத எழுத, வரைவுகளைத் தன் தளத்தில் போட்டார். 2009இல் அது அச்சிலும் வந்தது. இலவசமாகக் கிடைத்ததால் புத்தகம் கெட்டுப்போகவில்லை.

ஓரக்குறிப்பு:
படிக்க ஆள் இல்லாத கஷ்டம் நிஜம். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, உங்கள் வழி பலரைக் காப்பாற்றியிருக்கிறது என்பதையும் ஏற்கிறேன். சாண்டர்சனை மட்டும் ஏற்க மாட்டேன். அதற்கு முன்பே அவருக்குப் புத்தகங்கள் வந்துவிட்டன, பதிப்பகமும் ஆசிரியரும் பின்னால் இருந்தார்கள். வாசகர் என்ன சொன்னாலும் எதைத் தள்ளுவது என்று அவருக்குத் தெரியும். வியருக்கு வாசகர்கள் திருத்தியது கணக்கை, அதில் சரி தவறு உண்டு. ரயில் நேரமும் அப்படியே, ஆடியா ஐப்பசியா என்பதும் அப்படியே. அப்பாவை மகள் மன்னிக்கிறாளா என்பதை வாக்கெடுப்புக்கு விட முடியாது.

கிண்டில்கணக்கு:
கதை அல்லாத நூல் என்றால் முல்லைச்சரம் அக்கா பக்கம்தான் நிற்பேன். கணினி நூல்களுக்கு லீன்பப் என்ற தளமே முடிக்காத நூலை விற்பதற்காக உருவானது. வாங்கியவருக்குப் புதிய அத்தியாயங்களும் திருத்தங்களும் கூடுதல் பணமில்லாமல் போய்ச் சேரும். கிண்டிலில் அப்படி இல்லை. நீங்கள் புதிய கோப்பை ஏற்றினாலும் ஏற்கெனவே வாங்கியவர் கையில் பழைய பதிப்பே இருந்துவிட வாய்ப்பு அதிகம். அரைகுறையாகப் போட்டுவிட்டு அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். முன்பதிவும் இப்போது வேண்டாம். குறித்த தேதிக்கு மூன்று நாள் முன்னதாக இறுதிக் கோப்பு ஏறியிருக்க வேண்டும். ரத்து செய்தால் ஓராண்டுக்கு முன்பதிவு வசதியே போய்விடலாம்.

அச்சுமை:
எல்லாருக்கும் நன்றி. முதலில் முழுதாக எழுதி முடிக்கப்போகிறேன். அப்பாவின் கடன் பற்றி ஓரக்குறிப்பு ஐயா ஊகித்தது கிட்டத்தட்ட சரி, அந்த இடத்தில்தான் என் கை நடுங்குகிறது, அங்கே யாருடைய குரலும் காதில் விழக் கூடாது என்று தோன்றுகிறது. முடித்துத் திருத்தியபிறகு முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களை, 10 சதவீதத்துக்குள், பொதுவில் போடுவேன். அதைப் படித்து அக்கறையாக எழுதுகிறவர்களிடம் முழுப் பிரதியையும் படித்துத் தர முடியுமா என்று கேட்பேன். திருத்தங்கல்காரன் அண்ணா, உங்களிடம் இப்போதே கேட்டுவிடுகிறேன்.

முல்லைச்சரம்:
மூன்று அத்தியாயத்துக்கு யாரும் உங்களோடு ஒட்ட மாட்டார்கள் தம்பி, வாசகர் பழக நாளாகும். என் எண்ணம் மாறவில்லை. ஆனால் கை நடுங்குகிற இடம் என்று சொன்னீர்களே, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். என்றைக்கு முடிப்பீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், யூடி கேட்கிற மாதிரி நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அச்சுமை:
மார்கழிக்குள் அக்கா.

திருத்தங்கல்காரன்:
தாராளமாகப் படிக்கிறேன் தம்பி. தை பாதிக்கு மேல் அனுப்புங்கள். காலண்டர் எல்லாம் போய் முடிந்து அப்போதுதான் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். பைண்டிங்கில் இருந்த என் மதினியும் படிப்பார், பெண்கள் பக்கத்து வேலை என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.