மில்டுரா நம்ம குடும்பங்கள்: அந்த முள்காய்ப் புல்

கவிதா: படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். ஆற்றங்கரை மணலில் விளையாடிவிட்டு வந்த சின்னவன் காலுறை முழுக்க இந்த முள்காய்தான். பிடுங்கப் போனால் என் விரலில் ஏறுகிறது. நெருஞ்சியா இது?

ரேவதி: நெருஞ்சி தரையில் படர்ந்து மஞ்சளாகப் பூக்குமே கவி, இது புல் மாதிரி தாளும் கதிருமாக இருக்கிறது.

செல்வம் அண்ணா: புல்தான். இங்கே ஆஸ்திரேலியாவில் ஸ்பைனி பர்கிராஸ் என்பார்கள், அமெரிக்காவிலிருந்து வந்து நம் பக்கத்து மணல் பூமியில் நன்றாக வேர் பிடித்துவிட்டது. கையால் இழுக்காதேம்மா, இடுக்கியால் எடு. முள்ளில் பின்பக்கம் பார்த்த பொடிக் கொக்கி இருக்கும், உள்ளே போனது லேசில் வராது. எடுத்ததைப் பையில் கட்டிக் குப்பையில் போடு, வாசலில் உதறிவிடாதே.

பிரபு: எங்கள் வீட்டுப் பின்னாலும் இருக்கிறது அண்ணா. மெஷின் விட்டு வெட்டிக்கொண்டேதான் இருக்கிறேன், திரும்பத் திரும்ப வருகிறது.

செல்வம் அண்ணா: வெட்டினால் போகாது பிரபு. தரையோடு படுத்துக்கொண்டு பிளேடுக்குக் கீழேயே கதிர் விடும், சக்கரத்தில் ஒட்டி அடுத்த வீட்டுக்கும் போகும். காய் பச்சையாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும், வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டால் தொட்டாலே உதிரும். அப்புறம் ஒரு காய்க்குள் பெரும்பாலும் இரண்டு விதை, ஒன்று சீக்கிரம் முளைக்கும், மற்றது சில வருடம்கூட மண்ணுக்குள் சும்மா கிடந்துவிட்டு முளைக்கும், அதனால் இந்த வருடம் பிடுங்கிவிட்டு அடுத்த வருடம் விட்டுவிட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். திராட்சைத் தோட்டத்தில் இதைக் கண்டாலே எனக்குப் பதறும். உலர்திராட்சையில் ஒரு முள் கலந்து யாராவது குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் என்ன ஆவது?

யாழினி: மாமா, ஹவாய்க்கு வடமேற்கே லேசான் என்று ஒரு தீவு, சுமார் 4 சதுர கிலோமீட்டர்தான். அங்கே இதே வகையில் இன்னொரு புல் பரவி, பறவைகள் கூடு கட்டும் உள்ளூர்ப் புல்லை ஒதுக்கிவிட்டது. 1991இல் ஆரம்பித்து வருடக்கணக்காக விடாமல் பிடுங்கியும் மருந்து அடித்தும் ஒழித்தார்கள்.

ரேவதி: அப்படியென்றால் நம் தெருவையும் முடிக்கலாம். சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் பூங்கா ஓரத்தில் ஆரம்பிப்போமா?

செல்வம் அண்ணா: நல்லது. தோல் கையுறை, ஷூ கட்டாயம். ரப்பர் செருப்பு வேண்டாம், அடியில் குத்திக்கொண்டு வீடு வரை வரும். நாய்களையும் கூட்டி வராதீர்கள், பாவம், பாதத்தில் ஏறினால் நொண்டும். தடித்த பை நான் கொண்டு வருகிறேன்.

பிரபு: எங்கள் வீட்டுப் பின்பக்கம் எப்போது அண்ணா?

செல்வம் அண்ணா: அன்றைக்கே, பூங்காவிலிருந்து நேரே உன் வீடுதான். அதுவரை மெஷினைத் தொடாதே.