பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகளுக்கு 20,000 ரூபாய்க்குள் கணினி: இந்த மூன்றில் எதை எடுக்கலாம்?

மோர்தானா:

அனைவருக்கும் வணக்கம். நான் குடியாத்தத்தில் வசிக்கிறேன். எங்கள் வீட்டுப் பிளேஸ்டேஷன் 2 இன்னும் ஆன் ஆகிறது. ஆனால் லென்ஸ் போய்விட்டதால் எந்த டிஸ்க்கையும் படிப்பதில்லை, இந்தப் பக்கம் அதைச் சரிசெய்து தருகிறவரும் அகப்படவில்லை. அந்த நாளில் வாங்கிய அசல் டிஸ்க்குகள் கீறல் படாமல் இருப்பதால், அவற்றைக் கணினியில் எமுலேட்டர் (கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) வழியாக ஆடலாம் என்று நானும் தம்பியும் முடிவு செய்திருக்கிறோம். கிராண்ட் டூரிஸ்மோ 4, டெக்கன் 5, காட் ஆஃப் வார் 2 ஆகிய மூன்றும் தடங்கலின்றி ஓடினால் போதும். பிளேஸ்டேஷன் 1, பிஎஸ்பி விளையாட்டுகளும் ஓட வேண்டும். பிளேஸ்டேஷன் 3-உம் ஓடினால் மகிழ்ச்சி.

கையில் இருப்பது 20,000 ரூபாய். திரை வாங்க வேண்டியதில்லை, வீட்டிலுள்ள 32 அங்குல டிவியில் இணைத்துக்கொள்வோம். இதுவரை பார்த்துவைத்தவை மூன்று. காட்பாடியில் படிப்பை முடித்து ஊருக்குப் போகும் மாணவர் ஒருவர், ஐ5-3470 பிராசஸர், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியை 13,000 ரூபாய்க்குத் தருகிறார். வேலூரில் ஒரு கடையில், கம்பெனியில் ஓடிய சிறிய பெட்டி டெஸ்க்டாப், ஐ5-8500, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் 16,500 என்கிறார்கள். மூன்றாவது, இணையத்தில் விற்கும் இன்டெல் என்100 மினி கணினி. அதுவும் ஏறத்தாழ அதே விலைதான். தம்பி மூன்றாவதைக் கேட்கிறான், எனக்கோ முதலாவதில் உள்ள கிராபிக்ஸ் கார்டின் மேல் கண். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கோட்டை அகழி:

இரண்டாவதை எடுங்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால், நாளைக்குக் கடைக்காரர் வேறொன்றை எடுத்து நீட்டினாலும் நீங்களே எடைபோட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

எமுலேட்டர் ஓடும்போது இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. முதலாவது பிராசஸரின் வேலை. பிளேஸ்டேஷன் 2-இல் இருந்த எமோஷன் எஞ்சின் என்ற சிப் சுமார் 294 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அதற்கென்று எழுதப்பட்ட கட்டளைகள் நம் இன்டெல் பிராசஸருக்குப் புரியாது என்பதால், பிசிஎஸ்எக்ஸ்2 என்ற பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டர் அவற்றை ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எமோஷன் எஞ்சினுக்குள்ளேயே இருந்த வெக்டர் யூனிட் என்ற இரண்டு கணக்கிடும் பகுதிகளையும் நேரம் பிசகாமல் அதனோடு சேர்த்து ஓட்ட வேண்டும். ஒன்றின் விடைக்காக மற்றொன்று காத்திருக்கும் வேலை என்பதால் இதைப் பல கோர்களுக்கு (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளுக்கு) பங்குபோட்டுக் கொடுக்க முடியாது. மூன்று கோர்கள் வரைதான் உருப்படியாகப் பயன்படும், அவற்றிலும் ஒன்றின் மேல்தான் சுமை அதிகம். ஆகவே எத்தனை கோர் என்று பார்க்காமல், ஒரு கோர் எவ்வளவு வேகம் என்று பாருங்கள்.

இரண்டாவது, படம் வரையும் வேலை. அது கிராபிக்ஸின் பொறுப்பு, அதன் சுமையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அந்தக் கன்சோல் வரைந்த படம் பெரும்பாலும் 640-க்கு 448 புள்ளிகள் அளவில் இருந்தது. எமுலேட்டரில் அதை இரு மடங்காக வைத்தால் புள்ளிகள் நான்கு மடங்காகும், மும்மடங்கு வைத்தால் ஒன்பது மடங்காகும். கிராபிக்ஸ் தடுமாறினால் இந்த அமைப்பை ஒரு படி இறக்கிவிடலாம், படம் சற்று மங்கலாகத் தெரியும், ஆட்டம் முழு வேகத்தில் ஓடும். பிராசஸர் போதவில்லை என்றால் அப்படித் தப்பிக்க வழியில்லை. ஆட்டம் சவ்வாக இழுக்கும், பாட்டும் வசனமும் விட்டுவிட்டுக் கேட்கும்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருவோம். ஐ5-3470 வந்தது 2012-இல். அது டர்போவில், அதாவது தேவைப்படும்போது எட்டும் உச்ச வேகத்தில், 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஐ5-8500 வந்தது 2018-இல், 4.1 வரை போகும், ஒவ்வொரு துடிப்பிலும் செய்து முடிக்கும் வேலையும் அதில் அதிகம். எமுலேட்டருக்கு உதவும் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இன்டெலின் நான்காம் தலைமுறையில்தான் வந்தது என்பதால், மூன்றாம் தலைமுறை 3470-இல் அது கிடையாது, எட்டாம் தலைமுறை 8500-இல் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறையாக ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அந்த மாணவரின் கணினியில் நல்ல பொருள் கிராபிக்ஸ் கார்டு மட்டும்தான், அதுவும் 2014-இல் வந்தது. 16 ஜிபி ரேம் காதுக்கு இனிக்கிறது, ஆனால் அது டிடிஆர்3, பின்னால் வேறு எதிலும் செருக முடியாது. பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டருக்கு 8 ஜிபியே தாராளம்.

ஆற்காடு மக்கன்பேடா:

அண்ணன் சொன்ன காரணங்களை ஏற்கிறேன், முடிவை மட்டும் முழுமையாக ஏற்கவில்லை. என்100-ஐ ஒரே வரியில்கூடப் பேசாமல் விட்டுவிட்டீர்கள். நான்கு கோர், டர்போ 3.4 கிகாஹெர்ட்ஸ், ஏவிஎக்ஸ்2-உம் உண்டு. பிளேஸ்டேஷன் 1-க்கு டக்ஸ்டேஷனும் பிஎஸ்பிக்கு பிபிஎஸ்எஸ்பிபியும் அதில் படத்தைப் பெரிதாக்கி வைத்தாலும் முனகாமல் ஓடுகின்றன. பிளேஸ்டேஷன் 2-இலும் எளிய விளையாட்டுகள் பல முழு வேகத்தில் ஓடும். டிவிக்குப் பின்னால் ஒட்டிவைத்துவிடலாம், புதுப்பொருள் என்பதால் வாரண்டியும் இருக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் ஒரு 65 வாட் பிராசஸரை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் 6 வாட் பிராசஸரின் அருமை தெரியும்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்ட மூன்று விளையாட்டுகளில் காட் ஆஃப் வார் 2-உம் கிராண்ட் டூரிஸ்மோ 4-உம் கனமானவை. என்100-இல் அவற்றை ஆடினால் கூட்டமான காட்சிகளில் வேகம் இறங்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். டெக்கன் 5 மட்டும் என்றால் நான் என்100 பக்கமே கை காட்டியிருப்பேன்.

கோட்டை அகழி:

வெயிலைப் பற்றிச் சொன்னது சரி, அதை நான் விட்டிருக்கக் கூடாது. கம்பெனியிலிருந்து வரும் பெட்டிகளில் பழைய தெர்மல் பேஸ்ட் (பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்து பொருக்காகி இருக்கும். கடையில் பணம் கொடுக்கும் முன்பே அதைத் துடைத்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், ஃபேனில் உள்ள தூசியையும் ஊதச் சொல்லுங்கள். டிவி அலமாரிக்குள் அடைத்து வைக்காதீர்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை கவலைப்பட ஒன்றுமில்லை. விளையாடும்போது அந்த டெஸ்க்டாப் 70 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு 2 மணி நேரம் ஆடினாலும், இரண்டு மாத ரீடிங்கில் 8 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் வரும். மினி கணினியில் 20 வாட் என்றால் 2 யூனிட்டுக்குச் சற்று மேல். வித்தியாசம் 6 யூனிட். வீட்டு ஃபிரிட்ஜ் இதைக் கேட்டால் சிரிக்கும்.

காட்பாடி சந்திப்பு:

எதை வாங்கினாலும் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை. பிசிஎஸ்எக்ஸ்2-ஐயும், உங்கள் விளையாட்டுகளில் மிகவும் கனமானது எதுவோ அதையும் பென் டிரைவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆட்டம் ஓடும்போது திரையின் மூலையில் விவரங்களைக் காட்டும் வசதி அமைப்புகளில் இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். வேகம் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால் சரி. இறங்கினால் அடுத்த வரிகளில் இஇ (EE, எமோஷன் எஞ்சின் வேலை), ஜிஎஸ் (GS), வியூ (VU, வெக்டர் யூனிட் வேலை), ஜிபியூ (GPU, கிராபிக்ஸ்) என்று தனித்தனியாகக் காட்டும் எண்களைப் பாருங்கள். இஇ நூறை முட்டிக்கொண்டு நின்றால் குறை பிராசஸரில் இருக்கிறது, அந்தக் கணினியை விட்டுவிட்டு வாருங்கள். ஜிபியூ நூறை முட்டினால், படத்தின் அளவை ஒரு படி குறைத்து மீண்டும் பாருங்கள்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, “பாருங்கள் சார், பிராசஸர் 35 சதவீதம்தான் ஓடுகிறது, இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது” என்று கடைக்காரர் காட்டக்கூடும். அது எல்லாக் கோர்களின் சராசரி. ஆறு கோர்களில் ஒன்று மூச்சுத்திணறிக் கொண்டிருந்தாலும் மொத்தக் கணக்கில் அது தெரியாது.

பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். ஐ5-8500 வேறு, ஐ5-8500டி வேறு. பின்னது உள்ளங்கை அளவுப் பெட்டிகளில் வைக்கும் 35 வாட் வகை, டர்போவே 3.5 கிகாஹெர்ட்ஸ்தான். இரண்டையும் ஒரே பெயரில் சொல்லி விற்கிறார்கள்.

மோர்தானா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று வேலூருக்குப் போய் ஓட்டிப் பார்த்தேன். டி இல்லாத 8500 தான். கிராண்ட் டூரிஸ்மோ 4 இரு மடங்கு அளவில் சில வளைவுகளில் 85-க்கு இறங்கியது, இஇ 60-ஐத் தாண்டவில்லை, ஜிபியூதான் நூறில் நின்றது. கன்சோலின் அளவுக்கே இறக்கியதும் 100-இல் நின்றுவிட்டது. மிச்சமிருக்கும் 3,500 ரூபாயில் ரேம் வாங்குவதா, கிராபிக்ஸ் கார்டு வாங்குவதா? பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளையில் 200 வாட் என்று எழுதியிருக்கிறது. பிளேஸ்டேஷன் 3-ஐ மறந்துவிடலாமா?

கோட்டை அகழி:

நீங்கள் சொன்ன எண்களைப் பார்த்தால் பிராசஸர் சரியானது. முதலில் ரேம் வாங்குங்கள். உள்ளே ஒரே 8 ஜிபி குச்சிதான் இருக்கிறது என்றால் பக்கத்தில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 குச்சியைப் போடுங்கள். கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸ் தன் வேலைக்கும் அதே ரேமைத்தான் எடுத்துக்கொள்கிறது, ஒரு குச்சி இரண்டாகும்போது அந்தப் பாதை இரட்டிப்பாகிறது. இரு மடங்கு அளவில் நீங்கள் கண்ட இறக்கம் அதனால் கணிசமாகக் குறைய வாய்ப்பிருக்கிறது.

அதன் பிறகும் போதவில்லை என்றால், தாழ்ந்த உயரமுள்ள ஜிடி 1030 கார்டைப் பழையதாகத் தேடலாம். ஜிடிடிஆர்5 வகை 30 வாட்டுக்குள் அடங்கும், அந்தப் பவர் சப்ளை தாங்கும். அதே பெயரில் டிடிஆர்4 போட்ட வகை ஒன்றும் விற்கிறது, அதன் மெமரி வேகம் மூன்றில் ஒரு பங்குதான். அட்டைப் பெட்டியில் இருக்கும் எழுத்தைப் படிக்காமல் அதை வாங்க வேண்டாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடுவதானால் கார்டின் இரும்புப் பட்டை குட்டையானதா என்பதையும் பாருங்கள், நெட்டைப் பட்டை இந்தப் பெட்டியில் உட்காராது.

பிளேஸ்டேஷன் 3-ஐ மறந்துவிடுங்கள். அதற்கான எமுலேட்டர் ஆர்பிசிஎஸ்3-க்கு வேகமான கோர்களும் வேண்டும், அவை நிறையவும் வேண்டும். அந்தக் கன்சோலின் செல் பிராசஸரில் முதன்மைக் கோர் ஒன்றும் விளையாட்டுகளுக்கென ஆறு துணைக் கோர்களும் இருந்தன. இந்த விலையில் அது நடக்காது.

காட்பாடி சந்திப்பு:

இன்னொன்று. அந்தப் பெட்டியில் மெல்லிய டிவிடி டிரைவ் இருந்தால் கழற்றிவிடச் சொல்லாதீர்கள். பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகளைச் சாதாரண டிவிடி டிரைவே படித்துவிடும், ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். அடிப்பக்கம் நீலமாக இருப்பவை சிடி, அவற்றை பின் (BIN) மற்றும் க்யூ (CUE) கோப்புகளாக எடுங்கள். எமுலேட்டருக்குத் தேவையான பயாஸை, அதாவது கன்சோலைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருளை, உங்கள் கன்சோலிலிருந்தே எடுக்க வேண்டும். லென்ஸ் போயிருந்தாலும், ஃப்ரீ எம்சிபூட் (மெமரி கார்டிலிருந்தே நிரல்களை ஓட்டவைக்கும் மென்பொருள்) போட்ட மெமரி கார்டு ஒன்று இருந்தால் டிஸ்க் இல்லாமலே அதைச் செய்துவிடலாம்.