12 ஆண்டு ஓடிய பெட்ரோல் காருக்கு இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றலாமா?

கோவைவாசி:

வணக்கம். என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டில் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். இதுவரை 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் பெரும்பகுதி வீட்டிலிருந்து காந்திபுரத்துக்கு நான்கு கிலோமீட்டர் போவதும் வருவதுமாக நகர நெரிசலுக்குள்ளேயே ஓடியது. ஆறு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஐட்லிங், அதாவது வண்டி நிற்கும்போது இஞ்சின் ஓடும் வேகம், நிலையாக நிற்பதில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தால் நடுக்கம் தெரிகிறது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துவந்த வண்டி இப்போது 13தான் கொடுக்கிறது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் எதையும் கழற்றிப் பார்க்காமலேயே டேங்கில் ஒரு பாட்டில் கிளீனரை ஊற்றிவிட்டு அதற்கும் பில் போட்டிருந்தார்கள். மாற்றம் எதுவும் தெரியவில்லை. இன்னொரு பாட்டில் வாங்கி நானே ஊற்றிப் பார்க்கலாமா? என் மகளின் டர்போ கார் நேரடி இன்ஜெக்ஷன் வகையைச் சேர்ந்தது. அதற்கும் அதே பாட்டில் பொருந்துமா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

வேதியியல் ஆசிரியர்:

ஐயா, பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். இஞ்சினை நிறுத்திய பிறகு, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனையில் தங்கும் சிறிதளவு பெட்ரோல் அந்தச் சூட்டிலேயே ஆவியாகி, வார்னிஷ் போன்ற மெல்லிய படலத்தை விட்டுச் செல்கிறது. நான்கு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தப்படும் வண்டியில் இது அடிக்கடி நடக்கிறது. இந்தப் படலத்தைக் கரைப்பதில் நன்கு வேலை செய்வது பாலிஈத்தரமீன், சுருக்கமாக பி.இ.ஏ., என்ற வேதிப்பொருள். பழைய வகைக் கிளீனர்களில் உள்ள பாலிஐசோபியூட்டிலின் அமீன் இன்ஜெக்டரையும் வால்வையும் சுத்தம் செய்யுமே தவிர, எரியும் அறைக்குள் படிவைக் கூட்டிவிடக்கூடும், பி.இ.ஏ. அந்தச் சூட்டையும் தாங்கி அங்கும் வேலை செய்கிறது. லேபிளில் பி.இ.ஏ. என்ற குறிப்பே இல்லாத பாட்டில்களில் பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான்தான் அதிகமாக இருக்கும்.

ஊற்றும் முறையும் முக்கியம். டேங்க் ஏறக்குறைய காலியாக இருக்கும்போது கிளீனரை ஊற்றிவிட்டு, அதன்மேல் பெட்ரோலை நிரப்பினால் நன்றாகக் கலக்கும். அந்த டேங்க் முழுவதையும் நெடுஞ்சாலையில் ஓட்டித் தீர்ப்பது நல்லது. கரையும் படிவும் கிளீனரும் சிறிதளவு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இஞ்சின் ஆயிலில் சேரும் என்பதால், ஆயில் மாற்றும் நாளுக்குச் சற்று முன்பாக ஊற்றுவதுதான் சரி.

மைலேஜ் குறைவில் ஒரு பகுதிக்கு எரிபொருளே காரணமாக இருக்கலாம். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, பின்னர் படிப்படியாகப் பரவலாகிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆகவே 10 விழுக்காட்டுக் கலப்பிலிருந்து 20க்கு மாறினால் கணக்குப்படி மைலேஜ் 3 முதல் 4 விழுக்காடு குறையும். உங்கள் 16 இதனால் பதினைந்தரைக்கு வரும். அந்த அரை கிலோமீட்டரை எந்தப் பாட்டிலும் மீட்டுத் தராது. ஆனால் பதினைந்தரையிலிருந்து 13க்கு இறங்கியதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

மதுரைப் பட்டறை:

ஆசிரியர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பாட்டிலைக் கையில் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. 22 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ‘இன்ஜெக்டர் அடைப்பு’ என்று சொல்லிக்கொண்டு வந்த வண்டிகள் பலவற்றில், ஏர் ஃபில்டரையும் தேய்ந்த ஸ்பார்க் பிளக்கையும் மாற்றி, இஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் பிடித்த கரியைத் துடைத்ததோடு வேலை முடிந்திருக்கிறது.

அதன்பிறகு ஸ்கேனரை மாட்டி, நீண்டகால ஃப்யூயல் ட்ரிம், அதாவது வண்டியின் கணினி பெட்ரோல் அளவில் செய்துவரும் திருத்தம், எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். அது பிளஸ் 10 விழுக்காட்டைத் தாண்டினால், கலவையில் பெட்ரோல் குறைகிறது என்று கணினி எண்ணிக் கூடுதலாகத் தெளிக்கிறது என்று பொருள். ஐட்லிங்கில் மட்டும் கூடி, இஞ்சின் வேகத்தை உயர்த்தினால் இறங்குகிறது என்றால் எங்கோ காற்று கசிகிறது. வேகத்தோடு சேர்ந்து கூடுகிறது என்றால் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். நான்கு இன்ஜெக்டரில் ஒன்று மட்டும் அடைத்திருந்தாலும், ஆக்ஸிஜன் சென்சார் நான்கு சிலிண்டரின் புகையையும் சேர்த்தே அளப்பதால், கணினி நான்குக்குமே பெட்ரோலைக் கூட்டிவிடும். அடைத்த சிலிண்டர் பட்டினி கிடக்க, மற்ற மூன்றும் தேவைக்கு மேல் குடிக்கும். நடுக்கமும் மைலேஜ் இழப்பும் சேர்ந்தே வருவது இப்படித்தான்.

அந்த நிலையில் இன்ஜெக்டர்களைக் கழற்றி சோதனை மேடையில் மாட்டிப் பார்ப்பதே உறுதியான வழி. நான்கு கண்ணாடிக் குழாய்களில் ஒரே நேரம் தெளிக்கவிட்டால் அளவு வேறுபாடு கண்ணுக்கே தெரியும். நல்ல இன்ஜெக்டர் குடை விரித்ததுபோல் தெளிக்கும், அடைத்தது ஒரு பக்கமாக நூல்போல் ஒழுகும். அப்படி ஒழுகும் நிலைக்கு வந்ததை டேங்கில் ஊற்றும் திரவம் முழுமையாக மீட்பது அரிது. ஒலி அலைகளால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பாட்டில் என்பது படிவு கெட்டியாகாமல் தடுக்கும் பராமரிப்புப் பொருள். அந்த வேலையை அது நன்றாகவே செய்யும்.

கையோடு ஒன்றையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: யார் சொன்னாலும் மண்ணெண்ணெயையோ தின்னரையோ டேங்கில் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய் ஆக்டேனைக் குறைத்து, அதாவது தானாகத் தீப்பற்றாமல் தாங்கும் பெட்ரோலின் திறனைக் குறைத்து, இஞ்சினைத் தட்ட வைக்கும்.

நெடுஞ்சாலைப் பயணி:

மகளுடைய காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நேரடி இன்ஜெக்ஷனில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. உள்ளிழுக்கும் வால்வின்மேல் படுவதே இல்லை. ஆகவே கிளீனர் இன்ஜெக்டர் முனையைச் சுத்தம் செய்யும். வால்வின் முதுகில் ஆயில் ஆவியால் படியும் கரியை அதனால் தொடக்கூட முடியாது. அந்தக் கரி மிகுந்துவிட்டால் காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் துகளைக் காற்றழுத்தத்தில் அடித்துத்தான் அகற்றுவார்கள். இப்போது தொல்லை எதுவும் இல்லையென்றால், ஆயிலைக் காலத்தில் மாற்றுவதே அந்த வண்டிக்குப் போதும்.

கோவைவாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டறைக்காரர் சொன்ன வரிசையிலேயே செய்தேன். த்ராட்டில் பாடி அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. அதைத் துடைத்து, நான்கு பிளக்கையும் மாற்றியபின் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஃப்யூயல் ட்ரிம் பிளஸ் 14இலேயே நின்றதால் இன்ஜெக்டர்களைக் கழற்றச் சொன்னேன். சோதனை மேடையில் மூன்றாவது குழாய் மட்டும் மற்றவற்றைவிட ஒரு விரற்கடை தாழ்வாக நின்றதை என் கண்ணாலேயே பார்த்தேன். அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டெடுத்த பிறகு நான்கும் ஒரே மட்டத்துக்கு வந்தன. இரண்டு டேங்க் ஓட்டியாகிவிட்டது. லிட்டருக்கு 15 கிடைக்கிறது. பி.இ.ஏ. உள்ள பாட்டில் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ஆயில் மாற்றுவதற்கு முன்பு சேலம் வரை போய்வர வேண்டியிருக்கிறது; அந்தப் பயணத்தில் ஊற்றுகிறேன்.